இசையிற் பிறந்த ஓவியம்

கலைகள் பலவாயினும் அவை ஒன்றையொன்று தழுவி நிற்பன என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. விஷ்ணுதர்மோத்தர புராணத்தின் சித்திரசூத்திரப் பகுதியில் இதனை விளக்கும் உரையாடல் ஒன்றுண்டு. வச்சிரன் என்னும் அரசன் மார்க்கண்டேய முனிவரை அணுகித் திருவுருவங்களை அமைக்கும் முறையைத் தனக்குக் கற்பிக்குமாறு வேண்டுகின்றான். ஓவிய நூலை அறியாதவனுக்குப் படிமநூல் விளங்காது என்கின்றார் முனிவர். அவ்வாறாயின் ஓவியத்தைக் கற்பியுங்கள் என்று அரசன் கேட்க, கூத்தை அறியாதவனுக்கு ஓவியம் விளங்காது என்கின்றார். கூத்துக்குக் கருவியிசையும், கருவியிசைக்கு வாய்ப்பாட்டும் முன்னறிவாக வேண்டப்படும் என்று அவ்வுரையாடல் படிப்படியாக இறங்கி ஈற்றில் இசையில் வந்து நிற்கின்றது. கண்ணுக்குரிய கலைகளின் அடித்தளத்திலே செவிக்குரிய கலை உள்ளது என்பதே இதனாற் பெறப்படும் கருத்து.

தமிழ் மரபும் இக்கருத்துக்கு அயலானதன்று. தொல்காப்பியர் நிலந்தோறும் கருப்பொருள்களை வகுக்குமிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் என்பவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தே வைத்தார். ஒரு நிலத்தின் தோற்றமும் அந்நிலத்தின் ஓசையும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது அவர் துணிபு. மலையும் மலைசார்ந்த இடமுமாகிய குறிஞ்சிக்குத் தொண்டகப் பறையை உரையாசிரியர்கள் உரிமையாக்குவர். தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் மேற்றளத்திலே 81 கரணங்களைச் செதுக்கிய சிற்பியரும், சிதம்பரத்தின் கோபுர வாயில்களிலே 108 கரணங்களையும் அமைத்தோரும், தாளத்தோடு இயங்கும் உடலைக் கல்லிலே நிறுத்திவைத்தவர்களே.

ஆயினும் ஒரு வினா எஞ்சி நிற்கின்றது. ஆடுவோரையும் பாடுவோரையும் வரைதல் எளிது. அவர்களுக்கு உருவம் உண்டு. இசைக்கோ உருவமில்லை. உருவமில்லாத அவ்விசையையே கேட்டு, அதனையே வரைதல் கூடுமோ? கூடுமாயின் எவ்வாறு? இவ்வினாவுக்கு 20 ஆம் நூற்றாண்டில் விரிவான விடை தந்தோர் ஜாஸ் இசையைக் கேட்டு வரைந்த ஓவியர்கள். அவர்கள் கண்ட வழியை விளக்குதலும், அவ்வழி ஊவாத் தோட்டப்புறத்து மாணவருக்கு எவ்வாறு பயன்படும் என்பதனை ஆராய்தலும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இராகமாலை

இசையை ஓவியமாக்கும் முயற்சி நம் நாட்டு மரபுக்குப் புதிதன்று. வட இந்தியாவிலும் தக்காணத்திலும் இராகமாலை என்னும் ஓவிய வகை தோன்றி வளர்ந்தது. 15 ஆம் நூற்றாண்டுச் சமணச் சுவடிகளிலேயே இராக உருவங்கள் காணப்படுகின்றன. 16 ஆம் நூற்றாண்டு முதல் 19 ஆம் நூற்றாண்டு வரை இராசபுதனத்து அரண்மனைகளிலும் இமயமலைச் சாரலின் சிற்றரசுகளிலும் இவ்வோவியங்கள் பெருகின. மேவார் நாட்டுச் சாவண்டில் நஸிருத்தீன் என்னும் ஓவியர் 1605 ஆம் ஆண்டில் வரைந்த இராகமாலை வரிசை புகழ்பெற்றது. ஆறு இராகங்களைத் தலைவராகவும், ஒவ்வொன்றுக்கும் ஐந்து இராகினிகளைத் தலைவியராகவுங் கொண்டு 36 படங்களாக அமைப்பது பெருவழக்கு. தோடி இராகினி வீணை ஏந்திய மங்கையாகக் காட்டிலே நிற்க, மான்கள் அவளைச் சூழ்ந்து நிற்கும். மேக இராகத்திலே கருமுகில் கவிந்திருக்கும். ஹிந்தோளத்திலே ஊஞ்சல் ஆடும். பைரவி சிவலிங்கத்தை வழிபடும் பெண்ணாகத் தோன்றுவாள்.

அழகிற் குறைவில்லாத இவ்வோவியங்களைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். இராகத்துக்கும் ஓவியத்துக்கும் இடையிலே செய்யுள் ஒன்று நிற்கின்றது. இராகத்தின் தியான வடிவத்தைக் கவிஞர் முதலிற் சொல்லால் அமைத்தனர். ஓவியர் அச்சொல்லைப் பின்பற்றினர். தோடியை ஒரு நாளேனுங் கேளாத ஓவியனும் செய்யுளை அறிந்திருப்பானாயின் தோடியை வரைதல் கூடும். எனவே இராகமாலை இசையின் ஓவியம் என்பதினும் இசையைப் பற்றிய கவிதையின் ஓவியம் என்பதே பொருத்தமாகும்.

சுரத்துக்கும் வண்ணத்துக்கும் நேர்த்தொடர்பு கற்பித்தோரும் உளர். 13 ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் இயற்றிய சங்கீத ரத்னாகரம் ஏழு சுரங்களுக்கும் ஏழு நிறங்களை வகுத்துரைக்கின்றது. 1704 ஆம் ஆண்டில் வெளியான தமது ஒளியியல் நூலில் ஐசாக் நியூற்றன் வானவில்லின் ஏழு நிறங்களை ஏழு சுரங்களின் இடைவெளிகளோடு ஒப்பிட்டார். இரண்டு அட்டவணைகளும் தம்முள் ஒத்துப்போவன அல்ல. ஒருவருக்குச் செம்மையாய்த் தோன்றும் ஒலி மற்றொருவருக்கு நீலமாய்த் தோன்றுதல் கூடும். ஆகவே சுரத்துக்கு நிறம் கற்பிக்கும் அட்டவணையால் நாம் எழுப்பிய வினாவுக்கு விடை கிட்டாது.

ஓர் இசையரங்கின் விளைவு

மேனாட்டு ஓவியத்தில் இத்துறையிலே திருப்பம் ஏற்பட்ட நாளைத் திட்டமாகக் கூறலாம். 1911 ஆம் ஆண்டு சனவரி 2 ஆம் திகதி, ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஆர்னோல்ட் ஷோன்பேர்க் என்பாரின் இசையரங்கு நடைபெற்றது. பழகிய சுருதி ஒழுங்குகளைக் கைவிட்ட அவ்விசையை ருசிய ஓவியரான வசிலி கண்டின்ஸ்கி கேட்டார். அடுத்த நாட்களில் அவர் வரைந்த ஓவியம் 'மூன்றாம் உளப்பதிவு – இசையரங்கு' என்பது. பியானோவின் கருமை ஒரு பெரும் திட்டாக நிற்க, அதனருகே மஞ்சள் வண்ணம் வெள்ளம்போற் பரந்து அவையோரை மூடுகின்றது. இங்கே இசைவாணரின் முகமோ விரலோ முதன்மையானதன்று. கேட்டவரின் உள்ளத்தில் எழுந்த அதிர்வே முதன்மையானது. அதே ஆண்டின் இறுதியில் வெளிவந்த தமது நூலில் அவர் மஞ்சளை எக்காளத்துக்கும், வெளிர்நீலத்தைக் குழலுக்கும், கருநீலத்தைச் செல்லோ என்னும் நரம்புக்கருவிக்கும் ஒப்பிட்டார். தம் ஓவியங்கள் சிலவற்றுக்கு 'உடனியற்று' என்றும் வேறு சிலவற்றுக்கு 'இசைக்கோவை' என்றும் பொருள்படும் பெயர்களை அவர் இட்டமையும் கருதத்தக்கது.

ஜாஸ் இசையின் இயல்பு

கண்டின்ஸ்கி கேட்டது கற்றோர் அவையின் இசை. ஜாஸ் பிறந்த இடம் வேறு. ஆபிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்டு அமெரிக்காவின் பருத்தி, புகையிலை, கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்த மக்களின் வழித்தோன்றல்களே அதனைப் படைத்தனர். 1739 ஆம் ஆண்டில் தென் கரோலைனாவின் ஸ்ரோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தபோது முரசறைந்து ஆட்களைத் திரட்டினர். மறு ஆண்டிலே இயற்றப்பட்ட சட்டம் அடிமைகள் முரசு வைத்திருத்தலைத் தடைசெய்தது. முரசு பறிக்கப்பட்டமையால் தாளம் ஒழிந்துவிடவில்லை. கைகொட்டுதலிலும் காலடியிலும் வேலைப்பாட்டிலும் புகுந்துகொண்டது. நியூ ஓர்லியன்ஸ் நகரின் கொங்கோ சதுக்கத்திலே ஞாயிறுதோறும் அடிமைகள் கூடி முரசறைந்து ஆட இடமிருந்தது. வேலைப்பாட்டும் புளூஸ் என்னும் சோகப்பாட்டும் தேவாலயப் பாட்டும் பித்தளைக் கருவிகளின் அணிவகுப்பிசையும் அந்நகரில் ஒன்றுகலந்து 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜாஸ் உருப்பெற்றது. அதன் முதல் இசைத்தட்டு 1917 ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

இவ்விசையின் இலக்கணத்தை நமது இசை மரபைக்கொண்டு விளங்கிக்கொள்ளுதல் அரிதன்று. முதலாவது, உடனியற்றுதல். ஒரு பாட்டின் சுரக்கூட்டங்களின் வரிசையை அடித்தளமாகக்கொண்டு, வாசிப்போர் தத்தம் கற்பனையால் அந்நேரத்திலேயே புதிதாக இசைப்பர். நம்மவர் மனோதர்மம் என்று கூறும் கற்பனாசுரமும் நிரவலும் இதனோடு ஒப்பிடத்தக்கவை. இரண்டாவது, தாளத்தின் எதிர்பாராத இடத்திலே அழுத்தம் கொடுத்தல். சமத்திற்கு முன்னோ பின்னோ பாட்டை எடுக்கும் அதீத, அனாகத எடுப்புகளை அறிந்தோர் இதன் சுவையை எளிதில் உணர்வர். மூன்றாவது, ஒருவர் விடுக்க மற்றவர் ஏற்கும் முறை. பசனைப் பாட்டிலும் நாற்றுநடுகைப் பாட்டிலும் நாம் காண்பதும் இதுவே. நான்காவது, மௌனத்தைப் பயன்படுத்தல். ஒலித்திருக்க வேண்டிய இடத்தில் ஒலியாது விடுதலும் ஜாஸ் இசையில் ஒரு சொல்லாகவே மதிக்கப்பெறும். இந்நான்கையும் ஓவியர்கள் கைக்கொண்ட வகையை இனிக் காண்போம்.

ஓவியர் நால்வர்

ஏரன் டக்ளஸ் நியூயோர்க்கு நகரின் ஹார்லெம் பகுதியில் வாழ்ந்த கருநிற ஓவியர். 1934 ஆம் ஆண்டில் அங்குள்ள நூலகக் கிளைக்காக நான்கு பெரிய ஓவியங்களை அவர் வரைந்தார். ஆபிரிக்க நடனத்திலே தொடங்கும் அவ்வரிசை, அடிமை வாழ்வையும் விடுதலையையும் கடந்து, 'கோபுரங்களின் பாட்டு' என்னும் ஓவியத்தில் முடிகின்றது. அதில் ஒருவன் பெரும் பற்சக்கரத்தின்மேல் நின்று சாக்ஸபோன் என்னும் ஊதுகருவியை உயர்த்திப் பிடிக்கின்றான். அவனைச் சூழ ஒரே மையமுடைய வளையங்கள், குளத்தில் விழுந்த கல்லினால் எழும் அலைகள்போல, நிறம் சிறிது சிறிதாக மாறி விரிகின்றன. ஒலியின் பரவலை ஒளியின் பரவலாக்கிக் காட்டும் உத்தி இது.

ஹொலண்டு தேசத்தவரான பீற் மொண்ட்றியன் முற்றிலும் வேறான வழியைக் கண்டார். உலகப்போரின் நெருக்கடியால் 1940 ஆம் ஆண்டு ஒக்ரோபரில் நியூயோர்க்கு வந்து சேர்ந்த அவர், அங்கே பூகி-வூகி என்னும் பியானோ இசையிலே உள்ளத்தைப் பறிகொடுத்தார். பூகி-வூகியில் இடக்கை ஒரே தாளக்கோவையை இடைவிடாது மீட்டிச்செல்லும். வலக்கை அதன்மேல் விரும்பியவாறு துள்ளி விளையாடும். புகைவண்டியின் ஓட்டத்தை இவ்விசையிலே கேட்கலாம். மீட் லக்ஸ் லூயிஸ் என்பார் 1927 ஆம் ஆண்டில் ஒலிப்பதிவு செய்த பாட்டொன்று புகைவண்டியின் பெயரையே தாங்கியது. 1924 ஆம் ஆண்டில் இருப்புப்பாதை பதுளையை வந்தடைந்த நாள்முதல், தெமோதரையின் வளையத்தைச் சுற்றியும் ஒன்பது வளைவுப் பாலத்தின்மேலும் ஓடும் வண்டியின் ஓசையைக் கேட்டு வளர்ந்த ஊவாப் பிள்ளைகளுக்கு இவ்விசையின் அடித்தளத்தை விளக்கவேண்டியதில்லை. 1942–43 ஆம் ஆண்டுகளில் மொண்ட்றியன் தீட்டிய 'புரோட்வே பூகி-வூகி' 127 சென்ரிமீற்றர் பக்கமுடைய சதுரம். பல்லாண்டுகளாக அவர் விடாது கையாண்ட கருங்கோடுகள் அதில் மறைந்துவிட்டன. மஞ்சட் பட்டைகள் நெடுக்கும் குறுக்கும் ஓட, செந்நிற, நீலநிற, சாம்பல்நிறச் சிறு சதுரங்கள் அவற்றை இடையிடையே வெட்டுகின்றன. ஓடும் பட்டையை இடக்கையாகவும் வெட்டும் சதுரத்தை வலக்கையாகவும் கொண்டு நோக்கினால் ஓவியம் ஒலிக்கத் தொடங்கும். பியானோ அதில் எங்கணும் இல்லை.

மூன்றாமவர் ஸ்ருவாட் டேவிஸ். 1938 ஆம் ஆண்டில் அவர் வரைந்த 'ஸ்விங் நிலக்காட்சி' மீன்பிடித் துறைமுகத்தைப் பொருளாகக் கொண்டது. கயிறும் ஏணியும் பாய்மரமும் உள்ளன. ஆயின் அவை தத்தம் இடத்தில் அடங்கி நில்லாது, கூசும் வண்ணங்களோடு ஒன்றையொன்று தள்ளியும் தழுவியும் ஆடுகின்றன. நாளும் காணும் காட்சியைத் தாளத்துக்குள் அமைத்தலே இவர் கண்ட வழி.

நான்காமவர் ரொமேர் பியர்டன். வட கரோலைனாவிலே பிறந்து ஹார்லெமில் வளர்ந்த இவருக்கு டேவிஸ் கூறிய அறிவுரை நம் கட்டுரைக்கு உயிர்நாடியாகும். ஏர்ல் ஹைன்ஸ் என்னும் பியானோக் கலைஞரின் இசைத்தட்டுகளைக் கேட்குமாறும், சுரங்களை மட்டுமன்றிச் சுரங்களுக்கிடையேயுள்ள வெளிகளையும் கேட்குமாறும் டேவிஸ் அவரைத் தூண்டினார். பியர்டன் அவற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டு, கேட்டவாறே தாளிற் கோடுகளை இழுத்துப் பழகினார். நாளடைவில் ஒலி பின்னின்றது; இடைவெளி முன்வந்தது. ஓவியத்திலும் பொருளுக்கும் பொருளுக்கும் இடையே விடப்படும் வெற்றிடம் பொருளளவு கனமுடையது என்பதனை அவர் கண்டார். 1960களில் அவர் வண்ணத்தாள்களையும் ஒளிப்படத் துண்டுகளையும் வெட்டி ஒட்டி ஓவியம் அமைக்கத் தொடங்கினார். பருத்திக் காடும் மரவீடும் தூரத்துப் புகைவண்டியும் ஊதுகருவி ஏந்திய கையும் அவ்வொட்டோவியங்களில் மீண்டும் மீண்டும் வருகின்றன. புளூஸ் பற்றிய அவருடைய ஓவிய வரிசை 1975 ஆம் ஆண்டில் வெளிப்பட்டது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். 'ஜாஸ்' என்று பெயர்பெற்ற யாவும் ஜாஸ் கேட்டு வரைந்தவை ஆகா. பிரெஞ்சு ஓவியர் ஹென்றி மத்தீஸ் 1947 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஜாஸ்' என்னும் நூலின் 20 படங்களில் பெரும்பாலானவை சர்க்கஸ் காட்சிகளே. வண்ணத்தாளைக் கத்தரியால் நேரே வெட்டி உருவாக்கும் உடனியற்று முறையே அப்பெயருக்குப் பொருத்தமாயிற்று. மறுபுறத்தில், பெயரிலே இசையைச் சொல்லாது இசையோடு இரண்டறக் கலந்தவையும் உள்ளன. 1949 ஆம் ஆண்டில் கனடாவில் நோர்மன் மக்லாரனும் எவலின் லம்பார்ட்டும் ஒளிப்படக்கருவியைப் பயன்படுத்தாது, திரைப்படச் சுருளின் மேலேயே வண்ணந் தீட்டியுங் கீறியும் ஒரு குறும்படத்தை ஆக்கினர். ஒஸ்கார் பீற்றர்சனின் பியானோவுக்கு ஏற்ப அக்கோடுகள் துள்ளுகின்றன. ஓவியத்திலிருந்து இசை பிறத்தலும் உண்டு: டேவ் புரூபெக் 1961 ஆம் ஆண்டில் வெளியிட்ட இசைத்தட்டு யுவான் மிரோவின் ஓவியமொன்றுக்கு மறுமொழியாக அமைந்தது. அந்த ஓவியமே அதன் உறையிலும் இடம்பெற்றது.

இப்புரூபெக் 1958 ஆம் ஆண்டிலும், டியூக் எலிங்டன் 1963 ஆம் ஆண்டிலும் தத்தம் குழுவினரோடு இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து இசைத்தனர். ஆகவே ஜாஸ் நம் நாட்டு மண்ணை மிதியாத இசையன்று. இலங்கை ஓவிய வரலாற்றிலும் இசைச்செவி வாய்த்தோர் இருந்தனர். 1943 ஆம் ஆண்டில் கொழும்பில் தோன்றிய '43 குழு'வுக்கு உயிராயிருந்த லயனல் வெண்ட், ஒளிப்படக் கலைஞராகப் புகழ்பெறுமுன் இலண்டனிற் பயின்ற பியானோக் கலைஞர். அக்குழுவைச் சேர்ந்த ஜோர்ஜ் கீற், அட்டபதிதோறும் இராகமும் தாளமும் குறிக்கப்பெற்ற கீதகோவிந்தத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து ஓவியமுந் தீட்டினார்.

தப்பொலியும் தோட்டமும்

இதுகாறுங் கூறியவற்றால் ஊவாத் தோட்டப்புறத்து மாணவன் அடையும் பயன் யாது? அமெரிக்கப் பருத்தித் தோட்டத்தையும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தையும் ஒன்றென்று கூறுதல் வரலாற்றுக்கு ஒவ்வாது. அங்கே மனிதரை விலைக்கு விற்றனர். இங்கே கங்காணி முறையும் துண்டு முறையும் கடனும் மக்களைப் பிணித்தன. ஆயினும் ஒப்பிட்டு எண்ணத்தக்கது ஒன்றுண்டு. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து நடந்தும் கடல்கடந்தும் வந்த மக்கள் தம்மோடு ஒரு முரசைக் கொண்டுவந்தனர். வட்ட மரச்சட்டத்தின் ஒருபுறத்தே தோல் போர்த்து, தீயிற் காய்ச்சிச் சுருதியேற்றி, நீண்ட மெல்லிய குச்சியொன்றாலும் குறுகிய தடித்த குச்சியொன்றாலும் அடிக்கப்படும் தப்பு அது.

அமெரிக்காவிலே துரைமார் முரசை அஞ்சித் தடைசெய்தனர். இங்கே துரைமார் அதனை வேலைக்கு அமர்த்திக்கொண்டனர். இருள் புலராமுன் தப்படித்து மக்களை எழுப்பிப் பிரட்டுக்களத்துக்கு அழைத்தல் தோட்ட வழக்கமாயிற்று. சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் தேயிலைத் தோட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நெடுங்கவிதையிலும் விடியற்காலைத் தப்பொலியின் அதிர்வு இடம்பெறுகின்றது. அதே தப்புத்தான் மாசி மாதத்துக் காமன்கூத்திலே மன்மதனையும் இரதியையும் ஆடச்செய்தது. மாரியம்மன் திருவிழாவிலே கரகத்துக்கு முன்சென்றது. இறந்தவரை இறுதியாக வழியனுப்பிற்று. கருவி ஒன்று, அடி வேறு. அதிகாரத்தின் அழைப்பையும் மக்களின் கூத்தையும் ஒரே தோல் பேசியது என்பது எண்ணுந்தோறும் வியப்பளிப்பது.

எனினும் இக்கருவி பெற்ற மதிப்பு யாது? தப்படிப்போர் சாதியின் பெயராலே தாழ்த்தப்பட்டனர். அவரில்லாமல் விழாவும் இல்லை, சாவீடும் இல்லை. ஆயினும் அவர் நின்றது வாசலுக்கு வெளியே. இதனால் அக்குடும்பங்களிலே கற்றுத் தேர்ந்தோர் பலர் தப்பைத் தொடவும் விரும்பாராயினர். இழிவின் அடையாளத்தைத் தூக்கி எறிதலே விடுதலை என்பது அவர் வாதம். அவ்வாதத்தை எளிதிற் புறந்தள்ளல் தகாது. கட்டாயத்தின்பேரில் அடிக்கப்படும் தப்பு கலையாகாது. மறுசாராரோ, தமிழ்நாட்டிலே பறையிசை இன்று மேடையேறி உரிமைக்குரலாக ஒலிப்பதைச் சுட்டி, இழிவு கருவியில் இல்லை, அதனை இழித்தோரின் கண்ணில் உள்ளது என்பர்.

இதே வழக்காட்டம் ஜாஸ் வரலாற்றிலும் நிகழ்ந்தது. கருநிற மக்களுள்ளே கல்வியும் செல்வமும் பெற்றோர் பலர் புளூஸையும் ஜாஸையும் மதுக்கடை இசையென்று வெறுத்தனர். கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் 1926 ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்று, தன் இனத்தின் ஓசையைக் கண்டு நாணும் கலைஞனின் முன்னே அந்நாணமே மலைபோல் நின்று வழிமறிக்கின்றது என்னும் கருத்தை விளக்கிற்று. எட்டாண்டுகளின்பின் டக்ளஸ், நூலகச் சுவரிலே சாக்ஸபோன் ஊதுபவனை நகரத்தின் நடுவே உயர்த்தி வைத்தார். செவி அலட்சியஞ் செய்த இசையைக் கண்ணின் வழியாக மதிக்கச் செய்தது ஓவியம்.

வகுப்பறையில் ஒரு சோதனை

பதுளை மாவட்டத்துத் தோட்டப் பாடசாலையொன்றில் எட்டாந் தர மாணவருக்கு யான் அளித்த பயிற்சியை இவ்விடத்திற் குறிப்பிடுதல் பொருந்தும். மூன்று இசைகளைக் கேட்டு மூன்று படங்கள் வரைதல் வேண்டும். கருவியையோ அதனை வாசிப்பவரையோ வரைதல் கூடாது. கோடு, புள்ளி, திட்டு, வண்ணம் என்பன மட்டுமே அனுமதி. அழித்திருத்தல் கூடாது, ஒலித்த சுரத்தை மீட்டெடுத்தல் இயலாதவாறுபோல இழுத்த கோடும் நிற்றல் வேண்டும். முதலிற் பூகி-வூகிப் பியானோ ஒலிப்பதிவு ஒன்றைக் கேட்பித்தேன். பின்னர் அயல் தோட்டத்துத் தப்புக் கலைஞர் ஒருவர், தம் தந்தையாரிடங் கேட்டறிந்த பழைய பிரட்டுத் தப்பையும், காமன்கூத்து அடியையும் அடித்துக்காட்டினார். உள்ளே வருமாறு அழைக்கும்வரை அவர் வகுப்பின் வாயிற்படியிலேயே நின்றார் என்பதனையுங் கூறுதல் வேண்டும்.

பியானோவுக்குப் பெரும்பாலானோர் சட்டங்கள் அடுக்கிய இருப்புப்பாதை போன்ற கோடுகளை இழுத்தனர். சிறுமி ஒருத்தி மலையைச் சுற்றிவரும் நிரைகளைப்போலப் பச்சை வளைகோடுகளை வரைந்து, அவற்றின்மீது ஒழுங்கின்றிச் சிவப்புப் புள்ளிகளை இட்டாள். இடக்கையும் வலக்கையும் அவள் தாளில் வேறு வேறாக நின்றன. பிரட்டுத் தப்புக்கு வரைந்த படங்கள் ஒன்றையொன்று ஒத்திருந்தன: ஒரே அளவான, ஒரே நிறமான நிலைக்குத்துக் கோடுகள், லயத்துக் காம்பிராக்களைப்போல அடுத்தடுத்து நின்றன. காமன்கூத்து அடிக்கு வரைந்தவற்றிலோ சுழிகளும் தெறிப்புகளும் மஞ்சளுஞ் சிவப்பும் தாளின் விளிம்பைக் கடந்து சென்றன.

தப்பு முதன்முறை ஒலித்தபோது சில மாணவர் நகைத்தனர். தப்படிக்கும் குடும்பத்துச் சிறுவன் ஒருவன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டான். காமன்கூத்து அடி தொடங்கியபின்னரே அதனை மீண்டும் எடுத்தான். அவன் வரைந்த படத்தில் தெறிப்புகள் குறைவு. ஒழுங்கான இடைவெளிகளிலே வெண்மையான இடங்கள் இருந்தன. வினவியபோது, அவ்விடங்களில் அடி விழாது என்றான். கலைஞர் மீண்டும் அடிக்க, வகுப்பு முழுவதும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தது. அவன் விட்டிருந்த வெண்மைகள் யாவும் தத்தம் இடத்தில் இருந்தன. டேவிஸ் பியர்டனுக்குச் சுட்டிய வெளியை அச்சிறுவன் எவரும் சுட்டாமலே அறிந்திருந்தான். நகைத்தோர் அவன் தாளை வாங்கிப் பார்த்துத் தம் தாள்களைத் திருப்பி எழுதத் தொடங்கினர்.

ஒரு நாட் பயிற்சியைக் கொண்டு பெரிய முடிபுகளைக் காட்டுதல் தகாது. ஆயினும் இரண்டு கருத்துகளை ஆசிரிய நண்பர்களின் சிந்தனைக்கு முன்வைக்கலாம். முதலாவது, நமது சித்திர பாடத்தில் கண்ணாற் கண்டதைப் படியெடுத்தலுக்கே பெரிதும் இடமளிக்கின்றோம். படியெடுத்தலிற் கை பழகும், தெரிந்தெடுத்தல் பழகாது. இசைக்கு உருவமின்மையால் அங்கே படியெடுக்க ஒன்றுமில்லை. மாணவன் எதை வரைவது, எதை விடுவது என்பதனைத் தானே துணிதல் வேண்டும். இரண்டாவது, வண்ணப்பெட்டியும் நல்ல தாளும் இல்லாத பாடசாலைகளிலும் இப்பயிற்சி இயலும். கரித்துண்டும் பழைய செய்தித்தாளும் போதும். செவி எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு.

இப்பயிற்சிக்குரிய இசை ஜாஸ்தான் ஆதல்வேண்டும் என்பதில்லை. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குத் தவிலும் நாதசுரமும், மட்டக்களப்புப் பிள்ளைகளுக்கு வடமோடிக் கூத்தின் மத்தளமும் அண்மையில் உண்டு. எம் மலைநாட்டுப் பிள்ளைகளுக்குத் தப்பு உண்டு. ஜாஸ் ஓவியர்களிடம் நாம் கற்கவேண்டியது அவர்களின் வடிவங்களையல்ல, அவர்கள் கேட்ட முறையையே. மொண்ட்றியனின் மஞ்சட் பட்டைகளை ஊவாவிலே படியெடுப்பதாற் பயனில்லை. பிரட்டுத் தப்புக்கும் காமன்கூத்துத் தப்புக்குமுள்ள வேறுபாட்டைக் கோட்டினாற் காட்டும் மாணவன், அவரைப் படியெடாமலே அவரைக் கற்றவனாவான்.

தப்பைத் தம் பிள்ளைகள் அடித்தல் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ துணிதல் அதனால் வருந்தியோரின் உரிமை. பிறர் அதில் தலையிடுதல் முறையன்று. பாடசாலையின் கடன் வேறு. அக்கலையை அறிந்தவரை வரவழைப்பதாயின், கூலிக்கு அடிப்பவராகவன்றி ஒரு பாடவேளைக்குரிய ஆசிரியராக வரவழைத்தல் வேண்டும். வாயிற்படியில் நிறுத்தாது, ஆசிரியர் நாற்காலியில் அமர்த்தல் வேண்டும். மாணவர் கேட்கவும் வரையவும் அதன்பின்னரே தொடங்குதல் முறையாகும்.